பாக்கியம் அக்காவின் முழங்காலுக்கு ஒரு வயது

1

இன்று காலை அலுவலகத்தில் கணினியைத் திறந்ததும் முதலில் வந்து நின்றது ஒரு பிறந்தநாள் நினைவூட்டல். பாக்கியம் அக்காவின் வலது முழங்காலுக்கு இன்றோடு ஒரு வயது.

தேய்ந்துபோன மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்த நாள் அது. நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் அந்த நாளிலிருந்துதான் எங்களுக்குக் கணக்கு தொடங்கும். ஆறாவது வாரத்தில் நோயாளியைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும், பிறகு ஆறாவது மாதம், பிறகு ஆண்டு நிறைவு. தமிழ் பேசும் நோயாளிகளையெல்லாம் அழைப்பவன் நான். கேக் கிடையாது, கேள்விகள் மட்டும் உண்டு.

ஆனால் இன்று பாக்கியம் அக்காவை அழைத்தது நானில்லை. மலாய் நோயாளிகளை அழைக்கும் பக்கத்து மேசை ரொஹானாவிடம் அந்த வேலையைக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு அருகில் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் குறிப்பு. சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த ஊருக்கு வந்த பதினெட்டு வருடங்களில் நம் ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் எழுதியதெல்லாம் பெருமைதான்: ரயில் நேரத்துக்கு வரும், குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், அரசு அலுவலகத்தில் யாரும் 'நாளைக்கு வா' என்று சொல்வதில்லை. ஒரு தடவையாவது மாற்றி எழுதிப் பார்க்கிறேன். (அக்காவின் உண்மையான பெயர் பாக்கியம் இல்லை. அந்த அளவுக்காவது எனக்கு விவஸ்தை உண்டு.)

2

என் வேலை என்னவென்று ஊரில் ஒருவருக்கும் இதுவரை என்னால் விளங்கவைக்க முடிந்ததில்லை. ஆஸ்பத்திரியில் வேலை என்றால் டாக்டரா என்பார்கள், நர்ஸா என்பார்கள், இரண்டும் இல்லை என்றதும் முகம் விழுந்துவிடும். "ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போனவங்களுக்கு போன் போட்டு எப்படி இருக்கீங்கன்னு கேக்கணும்" என்று ஒருமுறை என் மச்சானிடம் சொன்னேன். "அதுக்கா மாப்ள உனக்குச் சம்பளம் குடுக்குறாங்க? எங்கம்மா ஊர்ல எல்லாருக்கும் சும்மாவே கேக்குதே" என்றான்.

அவன் கிண்டல் செய்தாலும், இந்த வேலைக்கு வந்த முதல் நாள் எங்கள் மேலாளர் சொன்னதைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது நிஜம். அவர் சீனப் பெண்மணி, அளந்துதான் பேசுவார். வெள்ளைப் பலகையில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே, நோயாளிக்குத் தன் வாழ்க்கையில் திரும்பக் கிடைத்த நலம். கீழே, அதற்கு ஆன மொத்தச் செலவு. மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுத்தால் வருவதுதான் சிகிச்சையின் மதிப்பு என்றார். எத்தனை அறுவை செய்தோம் என்பது பேச்சில்லை, எக்ஸ்ரே அழகாக இருக்கிறதா என்பதும் பேச்சில்லை. அந்த மனிதரால் மறுபடியும் சந்தைக்குப் போக முடிகிறதா? அதை யாரிடம் கேட்பது? அவரிடமேதான்.

அப்போது என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவருக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. பணம் கட்டினோம், ரசீது கொடுத்தார்கள், தையல் பிரித்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவரால் ஓடும் பேருந்தில் நாள் முழுக்க நிற்க முடிந்ததா என்று ஆஸ்பத்திரி கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி என்று எங்களுக்கும் தோன்றவில்லை. இங்கே ஒருவர் அதைக் கேட்பதற்கென்றே ஓர் ஆளை வைக்கிறார், அந்த ஆள் நான்! வந்த ஊர் சரியான ஊர்தான் என்று அன்று நினைத்தேன்.

கோட்டுக்குக் கீழே இருந்த செலவிலும் நியாயம் இருந்தது. முழங்கால் மாற்றியவருக்கு முதல் ஆறு வாரம் பிசியோ பயிற்சி எல்லாருக்கும் உண்டு. அதன்பின் தொலைபேசியில் கேட்டு, நல்ல மதிப்பெண் வந்தவர்களுக்குப் பயிற்சியை நிறுத்திவிட்டு, சிரமப்படுகிறவர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள். இருக்கும் பிசியோக்கள் கொஞ்சம் பேர், வரிசையோ நீளம். தேவையில்லாதவருக்குக் கொடுப்பதைத் தேவையுள்ளவருக்குக் கொடுக்கலாமே. இதில் யார் என்ன குறை சொல்ல முடியும்?

3

எங்கள் கேள்வித்தாளுக்கு ஒரு தமிழ் வடிவம் உண்டு. "முழங்கால் மூட்டின் நிலை காரணமாகப் படிக்கட்டுகளைப் பயன்படுத்துவதில் தாங்கள் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டின் அளவைக் குறிப்பிடவும்." இதை அப்படியே படிக்க வேண்டும் என்பது விதி. நான் ஒரு நாளும் படித்ததில்லை. இதைப் போய் ஓர் அறுபத்தாறு வயது அம்மாளிடம் படித்தால் நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது என்று பயந்துவிடுவார். எனக்குத்தான் தமிழ் தெரியுமே! கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, அக்கா, அண்ணே, அம்மா என்று உரிமையோடு பேசுவேன். இந்த ஊர்த் தமிழர்கள் பேச்சின் கடைசியில் ஒரு 'லா' சேர்ப்பார்கள், வயதில் மூத்த பெண்களை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் அக்கா என்பேன். அதில் எனக்கு ஒரு தனிக் கர்வம்.

பாக்கியம் அக்காவிடம் முதல் முறை பேசியது நன்றாக நினைவிருக்கிறது.

"அக்கா, ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறேன். முட்டி எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்கேன் தம்பி. நீ எப்படி இருக்க? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா. படி ஏறி இறங்க முடியுதா?"

"அதெல்லாம் ஏறிடுவேன்பா. மெதுவா ஏறிடுவேன். எங்க ஊட்டுப் படிக்காகத்தானே காலையே மாத்திக்கிட்டேன். மகன் பொங்கோல்ல அவன் ஊட்டுக்கு வந்துடுங்கன்னு ஒரே தொல்லை. எனக்கு என் பிடோக் ஊடுதான். முப்பது வருஷம் அந்த ஊட்ல இருந்துட்டேன், இனிமே எங்க போறது? அங்கயே இருந்துட்டுப் போயிடணும்."

"வலி இருக்காக்கா?"

"வயசாயிடுச்சு, வலி இல்லாம இருக்குமா? பரவால்ல லா. என்னை அக்கான்னு கூப்பிட்டு எத்தன நாளாச்சு தெரியுமா! நீ எந்த ஊருப்பா?"

ஊர்ப் பேச்சு வந்தபின் முழங்கால் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவர் சிராங்கூன் வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூட உணவகத்தில் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் கடை வைத்திருந்தவர், சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் வரிசையில் நின்று வாங்குமாம். கணவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்துக் காலமானவர். பேச்சை முடிக்கும்போது அவர் கேட்டார். "இதெல்லாம் மார்க் போடுறதுக்குத்தானே தம்பி? நல்லா போட்டுக்க. என்னால உனக்கு ஒரு கொறையும் வரக்கூடாது."

நான் சிரித்தேன். எல்லாக் கேள்விக்கும் 'சிறிது சிரமம்' என்றும் 'சிரமமில்லை' என்றும் குறித்துக்கொண்டேன். அவருடைய பயிற்சி அந்த வாரத்தோடு நின்றது. டாக்டர் பார்த்தபோது தையல் ஆறியிருந்தது, எக்ஸ்ரேயும் சரியாக இருந்ததாம். ஆறாவது மாதம் மறுபடி அழைத்தேன். அதே 'நல்லா இருக்கேன்', அதே 'சாப்பிட்டியா'. அதே மதிப்பெண்.

அந்தக் காலாண்டுக் கூட்டத்தில் மேலாளர் ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டார். தமிழ் நோயாளிகளின் நலம் எல்லாரையும்விட உயரத்தில் நின்றது, செலவு எல்லாரையும்விடத் தாழ்ந்திருந்தது. சீன நோயாளிகள் ரொம்பவும் புலம்புகிறவர்கள், மலாய் நோயாளிகள் நடுவாந்தரம், தமிழர்கள்தான் மதிப்பில் முதலிடம். "நீ என்னதான் செய்கிறாய்?" என்று மேலாளரே என்னைப் பார்த்துக் கேட்டார். மொழியும் பண்பாடும் தெரிந்த ஒருவர் பேசினால் நோயாளிகள் மனம் திறப்பார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். கைதட்டினார்கள். அதை வீட்டில் வந்து இரண்டு தடவை சொன்னேன்.

4

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. லிட்டில் இந்தியாவில் நடக்கக்கூட இடமில்லை. தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வாங்கிவிட்டு, பூக்கடையில் நின்று மல்லிகைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"தம்பி, நீ ஆஸ்பத்திரித் தம்பிதானே?"

திரும்பினேன். நீலச் சேலை கட்டிய, கொஞ்சம் கனத்த ஓர் அம்மாள். கையில் ஊன்றுகோல். நான் அவரைப் பார்த்ததே இல்லை, அவரும் என்னைப் பார்த்ததில்லை. பேரம் பேசிய குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"பாக்கியம் அக்காவா?"

"பாத்தியா, கண்டுபிடிச்சுட்டான்!" என்று பூக்காரரிடம் திரும்பினார். "இந்தத் தம்பிக்கு நான்தான் மார்க் போடுறேன். தங்கமான புள்ள. இவனுக்குப் பூவ கொறச்சுக் குடுங்க."

பூக்காரர் குறைத்தார், அக்காவும் சாமி படத்துக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அக்கா நடக்க ஆரம்பித்தார், அப்போதுதான் காலைப் பார்த்தேன். வலது கால் மடியவில்லை. இடுப்பை ஒரு பக்கமாகத் தூக்கி, காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். ஒவ்வோர் அடிக்கும் அப்படி. கூட்டத்தில் இரண்டு பேர் அந்தக் காலில் இடறினார்கள்.

"என்னக்கா இது?"

"கூட்டம்ல தம்பி. பாத்து நடக்கணும்."

பேருந்தில் போகிறேன் என்றவரின் பையையும் பூவையும் வாங்கிக்கொண்டு, வற்புறுத்தி டாக்சியில் ஏற்றி நானும் ஏறினேன். முன்னிருக்கையில் அவரால் உட்கார முடியவில்லை. பின்னிருக்கையில் முதுகைக் கதவில் சாய்த்து, காலை இருக்கை நீளத்துக்கு நீட்டி வைத்துக்கொண்டார். எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன். டாக்சி சீட்டெல்லாம் இப்போது சின்னதாகச் செய்கிறார்கள் என்றார். பிடோக் வந்து சேரும்வரை என் மகளைப் பற்றியும் ஊரில் அம்மாவைப் பற்றியும் விசாரித்துக்கொண்டே வந்தார்.

அவருடையது பழைய அடுக்குமாடி புளோக். மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. இரண்டு மாடிகளுக்கு நடுவில், படி திரும்பும் இடத்தில் நிற்கும். அங்கிருந்து அரை மாடி ஏறித்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததும் அக்கா நின்றுவிட்டார்.

"சரி தம்பி, நீ கெளம்பு. வீட்ல புள்ள காத்துக்கிட்டிருக்கும்."

"வீடு வரைக்கும் வந்து பையை வச்சிட்டுப் போறேன்க்கா."

"வேணாம்ப்பா. வீடு போட்டது போட்டபடி கெடக்கு. இன்னொரு நாள் வா, கோழிக்கறி வைக்கிறேன்."

பையை வாங்கிக்கொண்டு, மின்தூக்கிக் கதவு மூடும்வரை சிரித்தபடி நின்றார். கீழே இறங்கி நாலு எட்டு வைத்த பிறகுதான் அவருடைய பூப்பொட்டலம் என் கையிலேயே இருப்பதைக் கவனித்தேன். மறுபடி மேலே போனேன்.

கதவு திறந்தது. எதிரே படிக்கட்டு. அக்கா படியில் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வலது கால் குச்சி மாதிரி முன்னால் நீண்டிருந்தது. பக்கத்தில், அடுத்த மேல்படியில், காய்கறிப் பை. அதற்கும் மேல்படியில் ஊன்றுகோல். இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி, அடுத்த படியில் உட்கார்கிற நேரத்தில் கதவு திறந்துவிட்டது. சேலையின் பின்பக்கமெல்லாம் தூசி.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"கொஞ்சம் உக்காந்தேன் தம்பி," என்றார் அக்கா. "இங்க நல்லா காத்து வருது."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். அல்லது அந்தப் படியிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'என்கிட்ட ஏன்க்கா சொல்லல?' என்று கேட்டிருக்க வேண்டும். நான் செய்தது இதுதான். "ஆமாக்கா, நல்ல காத்து," என்றேன். பூவை அவர் கையில் கொடுத்தேன். மின்தூக்கிக்குள் திரும்பிப்போய்க் கீழே போகும் பொத்தானை அமுக்கினேன். காற்று என்று ஒன்று அந்த இடத்தில் இல்லவே இல்லை.

5

பேருந்தில் வரும்போது மீண்டும் அப்பா நினைவுக்கு வந்தார், இந்த முறை வேறு விதமாக. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். பணிமனை ஆட்கள், சித்தப்பாக்கள், தெருக்காரர்கள் எல்லாரும் சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்து, எப்படி இருக்கு என்பார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் 'தேவலை' என்பார். நாங்கள் கேட்டாலும் தேவலைதான். அவர்கள் போனபின் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த, முன்பின் தெரியாத ஒருவரிடம் மெதுவாகச் சொல்வார்: "உசுரு போகுதுங்க." உறவுக்காரர் வந்து கேட்டால் நலம் சொல்ல வேண்டும், வலியைச் சொன்னால் வந்தவர் மனம் நோகும். இது எனக்குத் தெரியாததா? சோற்றோடு ஊட்டி வளர்த்த விஷயம். தெரிந்தவன்தான் தொலைபேசியை எடுத்து, முதல் வார்த்தையிலேயே ஒரு வயதான பெண்ணுக்குத் தம்பியாகிவிட்டேன். தம்பியிடம் எந்த அக்கா வலியைச் சொல்வாள்? கேள்வித்தாளில் இருந்த அந்த நீதிமன்றத் தமிழைப் படித்திருந்தாலாவது யாரோ ஓர் அதிகாரி என்று நினைத்து உண்மையைச் சொல்லியிருப்பார்.

சீன நோயாளிகள் புலம்புகிறவர்கள் என்று கைதட்டிச் சிரித்தோமே, அவர்கள் புலம்பினார்கள், பயிற்சி கிடைத்தது, கால் மடிந்தது. எங்கள் ஆட்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். நான் அதை நலம் என்று எழுதி, கோட்டுக்கு மேலே வைத்தேன்.

மறுநாள் காலை மேலாளரிடம் போய்ச் சொன்னேன். நோயாளியை வெளியே சந்தித்ததற்கு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அந்த நிமிடமே தொலைபேசியை எடுத்து மறுபரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு மனப்பாடம். ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிட்டிருக்கலாம். பயிற்சி நின்றபின் உள்ளே தழும்பு இறுகிவிட்டது, இனி மறுபடி அறுவைதான், அதற்கும் உத்தரவாதமில்லை.

அக்கா மாட்டேன் என்றுவிட்டார். நான் தொலைபேசியில் கெஞ்சினேன்.

"வேணாம் தம்பி. ஒரு தடவ போதும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன்னை யாராச்சும் திட்டுனாங்களா? என்னாலயா?"

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீ அவ்ளோ ஆசையா கேக்குற. உன்கிட்ட போயி என்னத்த சொல்றது?"

அடுத்த கூட்டத்தில் அந்த வரைபடத்தை எடுத்துவிடச் சொல்லி நானே எழுந்து நின்றேன். தமிழ் நோயாளிகளின் மதிப்பெண்களை நம்ப முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வது? என் மக்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவர்கள் மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்றேன். "யாருக்கு மரியாதை?" என்று கேட்டார் மேலாளர். "எனக்கு" என்றேன். எல்லாரும் தங்கள் காகிதங்களைப் பார்த்தார்கள்.

பாக்கியம் அக்காவைப்போல இன்னும் எத்தனை பேர் என்று தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொருவரையும் நேரில் வரவழைத்து, பிசியோ தன் கையால் காலை மடக்கிப் பார்க்கிறார். அந்த நாட்களில் நான் பிசியோ அறைப் பக்கம் போவதில்லை, கேண்டீனுக்கு வேறு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

6

என் மகள் நிலாவுக்குப் பதினைந்து வயது. அவளுக்குத் தடையில்லாமல் வரும் தமிழ் இரண்டே வாக்கியம்: 'நல்லா இருக்கேன் பாட்டி', 'சாப்பிட்டேன் பாட்டி'. ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லுக்குக் காணொளி அழைப்பு போகும்போது இரண்டையும் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விடுவாள். அவள் தமிழ் அவ்வளவில் நின்றுவிட்டதே என்று நான் வருத்தப்பட்டு உங்களுக்கு எழுதியும் இருக்கிறேன்.

பாக்கியம் அக்கா கதையை அவளிடம் சொன்னேன். காதிலிருந்து பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்; பதிலைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள், இங்கே நான் தமிழாக்கியிருக்கிறேன்.

"பட் அப்பா, நீங்களும் அதானே செய்றீங்க? போன வருஷம் வேல போயிடுமோன்னு நீங்க தூங்கவே இல்ல. பாட்டி கேட்டப்போ 'எல்லாம் நல்லா போகுதும்மா'ன்னு சொன்னீங்க. ஐ வாஸ் ஸிட்டிங் ரைட் தேர்."

"அது வேற. பாட்டி பயந்துடுவாங்க."

"ஸோ? நீங்க டெய்லி என்கிட்ட ஸ்கூல் எப்படி இருக்குன்னு கேக்குறீங்க. நான் ஓகேங்கிறேன். நீங்க 'குட்'னு சொல்லிட்டு டிவி போடுறீங்க."

"ஏன், ஸ்கூல்ல ஓகே இல்லையா?"

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஓகே லா, அப்பா," என்றாள். கருவி மறுபடி காதுக்குள் போய்விட்டது. இரண்டு வாக்கியத் தமிழ்தான் என்று நினைத்தேன். முக்கியமானதை முழுதாகவே கற்றுக்கொண்டுவிட்டாள்.

7

இனி இன்றைய கதை.

புதிய விதிப்படி, நோயாளிக்கு அறிமுகமானவர் அழைக்கக் கூடாது. பாக்கியம் அக்கா பள்ளி உணவகத்தில் கடை வைத்திருந்தவர், மலாய் சரளமாகப் பேசுவார். அதனால் ரொஹானா அழைப்பது என்று முடிவானது. ரொஹானா கேள்வித்தாளில் இருப்பதை எழுத்து மாறாமல் படிப்பவள், யாரிடமும் ஊர் பேர் விசாரிக்க மாட்டாள். ஒலிபெருக்கியில் போடச் சொல்லி நான்தான் கேட்டுக்கொண்டேன். அதுவும் விதிப்படி சரியில்லைதான்.

மணி அடித்தது. அக்காவின் குரல் கேட்டதும் என் வாய் தானாகவே திறந்தது. மூடிக்கொண்டேன். ரொஹானா தன் பெயரைச் சொல்லி, எழுதி வைத்ததைப் படிப்பது போன்ற குரலில் முதல் கேள்வியைக் கேட்டாள். படி ஏற முடிகிறதா?

"தாக் போலே," என்றார் அக்கா. முடியாது.

பட்டென்று வந்தது பதில். அவரிடமிருந்து அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. வலி?

"சாக்கிட். ஹாரி ஹாரி சாக்கிட்." வலிக்கிறது, தினம் தினம் வலிக்கிறது. என் மலாய் சந்தை மலாய்தான், ஆனாலும் ஒரு சொல் தப்பவில்லை. பொங்கோலில் மகன் வீட்டுக்கே வந்துவிட்டேன், கழிப்பறையில் உட்கார்ந்தால் ஆள் வந்து தூக்கிவிட வேண்டியிருக்கிறது என்றார். மருமகள் நல்ல பெண்தான், ஆனால் மருமகளிடம் இதற்கெல்லாம் கூப்பிட முடியுமா, அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன் என்றார். பொங்கோலில் மின்தூக்கி வாசலுக்கே வருகிறது, ஆனால் இறங்கிப் போய்ப் பேச ஒரு ஆள் இல்லை என்றார். பிடோக்கில் எதிர்வீட்டுச் சீனக் கிழவியோடு காலையில் காப்பி குடிப்பாராம். "ரூமா சுடா ஜுவால்," என்றார். வீட்டை விற்றாகிவிட்டது. எந்த வீட்டுக்குப் போவதற்காகக் காலை மாற்றிக்கொண்டாரோ, அந்த வீடு.

ரொஹானா ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தாள். எல்லாம் 'மிகுந்த சிரமம்' என்ற கடைசிக் கட்டத்தில் விழுந்துகொண்டிருந்தன. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். அது கேள்வித்தாளின் கடைசி வரி.

பிறகு அக்காவின் குரல் தணிந்தது. எனக்குப் பழக்கமான குரலாகிவிட்டது. அங்கே ஒரு தமிழ்ப் பையன் இருக்கிறானே, இன்னும் வேலையில் இருக்கிறானா என்று கேட்டார்.

இருக்கிறான் என்றாள் ரொஹானா. என் பக்கம் திரும்பவில்லை.

நான் சொன்னதை அவனிடம் சொல்லிவிடாதே என்றார் அக்கா. நன்றாக இருக்கிறேன் என்று சொல். "புடாக் பாயிக்," நல்ல பிள்ளை. "கெசியான்." பாவம்.

ரொஹானா சரியென்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தாள். கடைசி எண்ணையும் தட்டி, பதிவைச் சேமித்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். எனக்கு மலாய் புரியும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், இந்த ஒன்பது வருடத்தில் தினமும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"ஷீ இஸ் ஓகே லா," என்றாள்.

"அப்படியா, நல்லது," என்றேன்.

ரொஹானா தலையை ஆட்டினாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.